பந்திங் கரையின் செம்பனை: ஓடு மெலிந்த வரலாறு

செம்பனைப் பழம் ஒன்றைக் குறுக்கே நறுக்கினால் மூன்று வட்டங்கள் தெரியும். வெளியே எண்ணெய் ஊறிய செம்மஞ்சள் சதை, அதற்குள் கறுத்த ஓடு, நடுவில் வெள்ளைப் பருப்பு. சமையலுக்குப் போகும் எண்ணெய் சதையில் இருக்கிறது. ஓடு தடித்தால் சதை ஒடுங்கும். குலை எவ்வளவு கனத்தாலும் எண்ணெய் குறையும். சிலாங்கூரின் தென்மேற்குக் கரையில் பந்திங்கைச் சுற்றிய தோட்டங்கள் கண்ட செம்பனை இனவிருத்தி, பெரும்பாலும் அந்த ஓட்டு வட்டத்தை மெலிய வைத்த வேலை. விளைச்சல் அப்படித்தான் கூடியது. நோய் தாங்கும் மரம் வேண்டும் என்ற எண்ணம் வெகுகாலம் கழித்தே ஆய்வு நிலையங்களின் வேலைத்திட்டத்தில் ஏறியது.

பந்திங், லங்காட் ஆற்றை ஒட்டிய ஊர். கோல லங்காட் மாவட்டத்தின் முதன்மையான ஊரும் அதுவே. அங்கிருந்து மேற்கே போகப் போக நிலம் மட்டமாகி, கடல் கொண்டுவந்து சேர்த்த சாம்பல் நிறக் களிமண் தொடங்கும். ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. கடல்நீர் ஏறாமல் கரை எழுப்பி, மடை வைத்து, வாய்க்கால் வெட்டினால்தான் இங்கே எந்தத் தோட்டமும் நிற்கும். அந்த வேலையைச் செய்துவிட்டால் மலேசியாவின் மிகச் செழிப்பான செம்பனை மண்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த மண்ணுக்குச் செம்பனை முதல் பயிர் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சிலாங்கூரின் துரைமார் காப்பி நட்டார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்த கதை அவர்களுக்குத் தெரியும். ஆகவே துருவை ஓரளவு தாங்கும் லைபீரியக் காப்பியைத் தேர்ந்தார்கள். அது துருவைத் தாங்கியது, இலை தின்னும் புழுவைத் தாங்கவில்லை. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலையும் சரிந்தது. காப்பிக்கு நடுவே ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பிடிக்காத தாழ்ந்த கரையோர மண்ணில் தென்னை வந்தது. தென்னை முதிர்ந்த இடங்களில் செம்பனை வந்தது. ஒவ்வொரு முறையும் மேலே நின்ற மரம் மாறியது. பழைய மரத்தின் தூரும் வேரும் பெரும்பாலும் மண்ணிலேயே கிடந்தன. இதன் விலை பிறகு தெரிந்தது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. தென்கிழக்காசியாவுக்கு அது வந்த வழி மிகக் குறுகலானது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கே நான்கு கன்றுகள் நடப்பட்டன. இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்தும், மற்ற இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வழியாகவும் வந்தவை. அவற்றின் விதைகள் சுமத்திராவின் டெலி வட்டாரத்துக்குப் போய், புகையிலைத் தோட்டங்களின் சாலையோரங்களில் அழகுக்காக நடப்பட்டன. எண்ணெய்க்காக எவரும் அவற்றை அப்போது பார்க்கவில்லை. பெல்ஜியரான அட்ரியன் ஹாலே 1911இல் சுமத்திராவில் வணிக நோக்கில் தோட்டம் தொடங்கியபோதுதான், இந்த அழகு மரங்கள் ஆப்பிரிக்கக் காட்டு மரங்களைவிடச் சீரான, சதைப்பற்று கூடிய பழம் தருவது கவனத்துக்கு வந்தது. ‘டெலி டூரா’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பின்னாளில் மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் இலட்சக்கணக்கான ஹெக்டேரில் நின்ற மரங்களின் தாய்வழி, சுற்றி வளைத்துப் பார்த்தால், அந்த நான்கு கன்றுகளில் போய் முடியும்.

மலாயாவுக்கு டெலி விதையைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே. கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தமது தோட்டத்தில் 1911, 1912ஆம் ஆண்டுகளில் அதை அலங்காரத்துக்கு நட்டார். 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் வணிகத்துக்காக நடவு தொடங்கியது. மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் இந்த ஃபொக்கோனியேதான். எழுத்தாளராக அவர் பிரான்சில் அறியப்பட்டார். அவர் நட்ட விதையின் வழித்தோன்றல்களோ மலாயாவின் நிலப்பரப்பையே மாற்றின.

1920களில் செர்டாங்கில் இருந்த வேளாண்மைத் துறை நிலையமும், சுங்கை பூலோ பக்கத்து எல்மினா முதலான தோட்டங்களும் டெலி மரங்களைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கின. முறை எளிது. தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதுவது, ஒவ்வொரு குலையையும் நிறுத்துக் குறிப்பது, நான்கைந்து ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்து முன்னணி மரங்களிலிருந்து விதை எடுப்பது. கேட்க எளிதாக இருந்தாலும் இதற்குப் பொறுமை வேண்டும். குலை வெட்டுபவர் வெட்டிய குலையை எந்த மரத்தடியில் போட்டாரோ அங்கேயே அது கிடக்க வேண்டும். உதிரிப் பழங்களையும் பொறுக்கி அதனுடனேயே சேர்க்க வேண்டும். தராசைத் தூக்கி வருபவர் எடையைச் சொல்ல, கிராணி ஏட்டில் எண் தவறாமல் எழுத வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று வரும். மலாயாவின் விளைச்சல் ஆய்வேடுகளில் உள்ள எண்களுக்குப் பின்னால் தோட்டப்புறத் தமிழர்களின் இத்தகைய வேலை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் அவர்கள் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

அதே காலத்தில் ரப்பரில் முன்னேற்றம் வேகமாக நடந்தது. காஜாங் அருகே, முதல் உலகப்போரில் போரிட்டுத் திரும்பியவர்கள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம், பிபி 86 போன்ற ஒட்டு ரகங்களால் பெயர் பெற்றது. ‘பெரிய போர்’ என்று பொருள்படும் அந்தத் தோட்டத்தின் நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. ரப்பரில் ஒரு நல்ல மரம் கிடைத்தால் அதன் மொட்டை எடுத்து ஆயிரம் கன்றுகளில் ஒட்டலாம். ஆயிரமும் அதே மரம். செம்பனையில் அது நடக்காது. பனை, தென்னை போல இதற்கும் ஒரே குருத்து. கிளை இல்லை, பக்கக் கன்று இல்லை. குருத்தை எடுத்தால் மரம் போகும். ஆகவே விதை ஒன்றே வழி. விதையில் தாயும் தந்தையும் கலப்பதால் பிள்ளை எப்படி அமையும் என்பது கணிப்புக்கு உட்பட்டது. ரப்பரில் ஒட்டு மரங்கள் ஒரு தலைமுறைக்குள் பரவிவிட, செம்பனை இனவிருத்தி பல பத்தாண்டுகளுக்கு ஊர்ந்து நகர்ந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

பெரிய திருப்பம் கோங்கோவிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கக் காட்டு மரங்களில் மூன்று வகைப் பழங்கள் உண்டு என்பது முன்பே தெரியும். ஓடு தடித்தது டூரா. ஓடு மெலிந்து, அதைச் சுற்றி நார் வளையம் படர்ந்திருப்பது டெனெரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. பெரும்பாலும் அதன் பெண் பாளை குலை பிடிக்காமல் அழுகிவிடும். டெனெராவில் சதை அதிகம் என்பதால் அதன் விதையை நட்டுப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்: பிள்ளைகளில் ஒரு பங்கு டூரா, இரு பங்கு டெனெரா, ஒரு பங்கு பயனற்ற பிசிஃபெரா. யங்கம்பி ஆய்வு நிலையத்தின் பெய்ர்னார்ட், வாண்டர்வெயன் இருவரும் 1941இல் இதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். ஓட்டின் தடிப்பை ஆளுவது ஒரே ஒரு மரபணு. டெனெரா தனி இனமே அல்ல. டூராவுக்கும் பிசிஃபெராவுக்கும் பிறக்கும் கலப்புப் பிள்ளை. டூராவைத் தாயாகவும் பிசிஃபெராவைத் தந்தையாகவும் வைத்துச் சேர்த்தால் அத்தனை பிள்ளைகளும் டெனெராவாகவே வரும்.

டெலி டூராவின் பழத்தில் சதை ஏறத்தாழ 60 விழுக்காடு. நல்ல டெனெராவில் அது 75 முதல் 85 வரை போகும். குலையின் எடை மாறாமலே, ஒரு ஹெக்டேருக்குக் கிடைக்கும் எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூடியது. மரபணு ஒன்றின் நடத்தையைப் புரிந்துகொண்டதால் மட்டும் இவ்வளவு பெரிய இலாபம் கிடைத்த பயிர்கள் உலகில் அதிகம் இல்லை.

போர் முடிந்து இந்த அறிவு மலாயாவில் வேலைக்கு வந்தபோது, நல்ல தாய் இங்கே கைவசம் இருந்தது; நல்ல தந்தை இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது சுமத்திராவில் வளர்ந்த ஒரு கோங்கோ வம்சம். எயாலா தாவரவியல் பூங்காவின் ஒரு புகழ்பெற்ற மரத்திலிருந்து வந்த விதைகள் 1920களில் சுமத்திராவின் சுங்கை பஞ்சூரில் நடப்பட்டன. அவற்றில் எஸ்பி 540 என்ற எண்ணிட்ட டெனெரா மரத்தின் சந்ததிதான் ‘ஆவ்ரோஸ்’ பிசிஃபெரா. ஆவ்ரோஸ் என்பது கிழக்குச் சுமத்திரா ரப்பர் தோட்டக்காரர் சங்கத்தின் டச்சுப் பெயர்ச் சுருக்கம். செம்பனையின் தலைசிறந்த தந்தைவழிக்கு ரப்பர் சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது ஒரு வேடிக்கை. இந்த ஆவ்ரோஸ் வம்சத்தை மலாயாவில் வளர்த்துப் பெருக்கிய இடங்களில் முக்கியமானது ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் நிறுவனம் பந்திங்கில் நடத்திய செம்பனை ஆய்வு நிலையம். மலேசியாவின் விதைத் தோட்டங்கள் பலவற்றில் நின்ற பிசிஃபெரா மரங்களின் வம்சாவளியைத் தேடினால் பந்திங்கின் பெயர் வரும்.

பிசிஃபெராவைத் தேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. அது தானே குலை பிடிக்காததால் அதன் தரத்தை நேரே அளக்க முடியாது. பொலிகாளையின் தரத்தை அதன் பெண் கன்றுகள் கறக்கும் பாலைக் கொண்டு அறிவது போல, ஒரு பிசிஃபெராவைப் பல டூராத் தாய்களோடு சேர்த்து, பிறக்கும் பிள்ளைகளை நட்டு வளர்த்து, அவற்றின் குலைகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தே தந்தை நல்லதா என்று சொல்ல முடியும்.

சேர்க்கையே ஒரு கைவேலை. தாய் மரத்தில் பெண் பாளை விரிவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே அதைச் சுற்றியுள்ள முட்களை வெட்டி, காம்பில் பூச்சிமருந்து தோய்த்த பஞ்சைச் சுற்றி, தடித்த பையை மாட்டி இறுகக் கட்டுவார்கள். பையில் கண்ணாடி போன்ற ஒரு சிறு சாளரம் இருக்கும். பூக்கள் வெளிர்மஞ்சளாகி வாய் திறந்ததை அதன் வழியே பார்த்து, டால்க் மாவில் கலந்த பிசிஃபெரா மகரந்தத்தைச் சிறு துளை வழியாக ஊதி, துளையை அடைப்பார்கள். ஒரு வண்டு உள்ளே புகுந்தாலும் அந்தக் குலை கெட்டது. எந்தத் தந்தையின் மகரந்தம் விழுந்தது என்று தெரியாமல் போகும். பூக்களின் பருவம் கடந்த பின் பை கழலும். குலை பழுக்க ஐந்தாறு மாதம். ஒரு குலையில் ஆயிரத்துக்கு மேல் விதை கிடைக்கும். விதை தானாக முளைப்பதற்குச் சோம்பும். ஏறக்குறைய 40 பாகை வெப்பத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துப் பின் நனைத்தால்தான் கண் விடும். நாற்றங்காலில் ஓராண்டு, தோட்டத்தில் நட்டு இரண்டரை ஆண்டில் முதல் குலை, பிறகு பல ஆண்டுக் கணக்கெடுப்பு. ஒரு தலைமுறையைத் தாண்ட 10 முதல் 12 ஆண்டுக்குக் குறையாது. சேர்க்கை செய்த இளம் ஆய்வாளர் அதன் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்குள் ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிடுவார்.

1960களின் தொடக்கத்திலிருந்து மலாயாவில் டூரா-பிசிஃபெரா சேர்க்கை விதையே வணிக நடவுக்குச் சென்றது. 1960இல் நாட்டில் ஏறத்தாழ 55,000 ஹெக்டேராக இருந்த செம்பனை, ரப்பர் விலை சரியச் சரியப் பரவியது. 1966இல் எண்ணெய் ஏற்றுமதியில் மலேசியா நைஜீரியாவை முந்தியது. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் உளியையும் வாளியையும் வைத்துவிட்டு, நீண்ட கழியில் கட்டிய அரிவாளுக்குப் பழகின. ஆண்கள் குலை வெட்ட, பெண்கள் உதிரி பொறுக்கினார்கள்.

விளைச்சலுக்கு அடுத்து ஆய்வாளர்கள் தேடியது குட்டை மரம். செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயரும்; 25 ஆண்டில் அரிவாள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மரம் காய்க்காமல் போவதால் அல்ல, குலையை எட்ட முடியாமல் போவதாலேயே பெரும்பாலான தோட்டங்கள் திரும்ப நடப்படுகின்றன. எல்மினா தோட்டத்தில் இ 206 என்று எண்ணிட்ட ஒரு மரம் தடித்து, குட்டையாக நின்றது. ஜேகோ என்பவர் 1952இல் அதைப் பற்றி எழுதினார். ‘டம்பி’ என்று பெயர் பெற்ற அந்த மரத்தின் வம்சத்தை உயரமாக வளரும் ஆவ்ரோஸோடு சேர்த்து ‘டம்பி ஆவ்ரோஸ்’ வழி உருவாக்கப்பட்டது. எல்மினா இன்று வீடமைப்புப் பகுதி. அந்த ஒற்றை மரத்தின் பெயர் மட்டும் வம்சாவளிப் பட்டியல்களில் நிற்கிறது.

இனவிருத்தியால் தீராத ஒரு குறையைப் பூச்சி தீர்த்தது. நல்ல டெனெரா மரங்கள் இளமையில் பெண் பாளைகளை அதிகம் விட்டு, ஆண் பாளைகளைக் குறைவாக விட்டன. மகரந்தம் போதாமல் குலையில் பாதிப் பூக்கள் பழமாகவில்லை. தோட்டங்கள் ஆள் வைத்து மகரந்தத்தை ஊதச் செய்தன. பெண் தொழிலாளர்கள் பலர் தினமும் நிரை நிரையாக நடந்து பாளை பாளையாகத் தூவினார்கள். ஆப்பிரிக்காவில் இந்த வேலையைக் கூன்வண்டுகள் செய்வதை, ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகியின் விடாமுயற்சியால் 1981இல் அந்த வண்டு ஜொகூரின் குளுவாங் பகுதியில் விடப்பட்டது. ஒரே ஆண்டில் தீபகற்பம் முழுதும் பரவிவிட்டது. பழப்பிடிப்பு உயர்ந்தது, மகரந்தம் ஊதும் வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது. ஆலைக்காரர்களுக்குப் பருப்பு எண்ணெயும் கூடுதலாகக் கிடைத்தது.

இவ்வளவு வெற்றிக்கு நடுவே கரையோரத் தோட்டங்களின் மண்ணுக்குள் ஒரு காளான் பரவிக்கொண்டிருந்தது. கனோடெர்மா என்ற அந்தக் காளானால் வரும் அடித்தண்டு அழுகலை மலாயாவில் தாம்சன் என்பவர் 1931இல் பதிவு செய்தார். அப்போது அது 25 வயது தாண்டிய கிழ மரங்களின் நோய். எப்படியும் வெட்டப்போகும் மரம் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1950, 60களில் நிலைமை மாறியது. தென்னை நின்ற நிலங்களில் நட்ட செம்பனைகள் 10, 15 வயதிலேயே சாயத் தொடங்கின. சில இடங்களில் நட்டு ஓரிரு ஆண்டிலேயே கன்றுகள் செத்தன. வெட்டிப்போட்ட தென்னையின் தூர்கள் அழுகும்போது அவற்றில் இந்தக் காளான் குடியேறி, அங்கிருந்து செம்பனை வேரைத் தொடும். பந்திங், கேரித் தீவு, கிள்ளான் கரைப் பகுதிகள் தென்னை அதிகம் நின்ற பகுதிகள். மிகச் சிறந்த விளைச்சல் தந்த மண்ணே மிக மோசமாக நோய் கண்ட மண்ணாகவும் ஆனது.

நோய் கண்ட மரத்தை அனுபவசாலி தண்டல் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். விரியாத குருத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து ஈட்டிகள் போல உச்சியில் நிற்கும். இலைகள் வெளிறும். அடிமட்டைகள் ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். தூரில் முதலில் வெள்ளைப் பொத்தான் போல ஒன்று முளைத்து, நாளடைவில் விளிம்பு வெளுத்த பழுப்புத் தட்டாக விரியும். ஆனால் இந்த அடையாளங்கள் தெரியும்போதே அடித்தண்டின் உள்பாகம் பாதிக்கு மேல் அழுகிப்போயிருக்கும். பச்சையாக நின்ற மரம் ஒரு காற்றில் சாய்ந்து கிடக்கும். உடைந்த இடத்தில் கூடு போலக் குடைந்திருக்கும். மருந்து ஊற்றிக் காப்பாற்றிய மரம் என்று நம்பிக்கையோடு காட்ட எதுவும் இல்லை. தோட்டங்கள் செய்ய முடிந்தது சுத்தம்: மீள்நடவின்போது பழைய தூரை இயந்திரத்தால் பெயர்த்து, துண்டு துண்டாகச் சீவி உலரவிடுவது, நோய்க் குழியை விட்டுத் தள்ளி நடுவது.

எதிர்ப்புத்திறனைத் தேடுவதில் ஆப்பிரிக்கா முந்திக்கொண்டது. அங்கே ஃபுசாரியம் வாடல் நோய் தோட்டங்களை அழித்ததால், ஐவரி கோஸ்ட்டிலும் கோங்கோவிலும் கன்றுகளுக்கு வேண்டுமென்றே நோயை ஊட்டி, பிழைத்த வம்சங்களைப் பொறுக்கும் முறை பல ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. மலேசியாவில் அந்த வாடல் நோய் இல்லை. அதனால் அத்தகைய சோதனையை வழக்கமாக்கும் நெருக்கடியும் இல்லை. விதை விற்றவர்கள் விளைச்சலை விற்றார்கள். வாங்கியவர்களும் அதையே கேட்டார்கள். சோயாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சோயா சில மாதங்களில் விளைந்து முடியும் பயிர்; அமெரிக்காவில் வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு எதிர்ப்புத்திறனை ‘பீக்கிங்’ என்ற பழைய சீன வகையிலிருந்து எடுத்துப் புதிய ரகங்களில் ஏற்ற முடிந்தது; ரகம் பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் விதையை மாற்றலாம். ஹெக்டேருக்கு எண்ணெய் அரை டன்னை எட்டாத அந்தப் பயிரைச் செம்பனை பல மடங்கு மிஞ்சுகிறது. ஆனால் செம்பனையில் தவறான விதையை நட்டவர் 25 ஆண்டுக்கு அதனோடு வாழ வேண்டும்.

கனோடெர்மாவைத் தாங்கும் வம்சம் உண்டா என்று பிற்காலத்தில் சோதித்தபோது வந்த விடை சங்கடமானது. மலேசிய, இந்தோனேசிய டெலி வழிமரங்களே நோய்க்கு எளிதில் இரையாயின. ஆப்பிரிக்க வழிமரங்கள் ஒப்பீட்டில் தாங்கின. மலேசிய செம்பனை வாரியத்தின் இட்ரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கோங்கோ, கேமரூன் வம்சங்களின் சேர்க்கை ஒன்று பகுதி எதிர்ப்பைக் காட்டியது. எல்லாத் தோட்டங்களும் நம்பியிருந்த தாய்தான் வலுவற்றது என்றானது. நான்கு கன்றிலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாக எடைக்காக மட்டுமே வடிகட்டப்பட்ட ஓர் இனத்தில் வேறு குணங்களுக்கு இடம் சுருங்கியிருப்பதில் வியப்பு இல்லை.

இந்தக் குறுகலை 1970களிலேயே சிலர் உணர்ந்திருந்தார்கள். 1973இல் மலேசிய, நைஜீரிய ஆய்வாளர்கள் சேர்ந்து நைஜீரியாவின் 45 இடங்களில் 919 மரங்களிலிருந்து குலைகளைச் சேகரித்தார்கள். அவை குளுவாங்கில் நடப்பட்டன. அந்த மரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து, ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலும் தென்னமெரிக்காவிலும் சேகரிப்பை விரிவாக்கிய பணியில் என். ராஜநாயுடுவின் பெயர் முதன்மையானது. நைஜீரியச் சேகரிப்பில் ‘12ஆம் கூட்டம்’ என்று குறித்த மரங்கள் குட்டையாகவும் நிறையக் காய்ப்பவையாகவும் இருந்தன. 1979இல் அமைந்த செம்பனை ஆய்வுக்கழகம் அவற்றிலிருந்து பிஎஸ் 1 என்ற தாய்வழியைத் தோட்ட நிறுவனங்களுக்கு வழங்கியது. அமெரிக்கக் கண்டத்துச் செம்பனை இனம் இன்னொரு மூலம். அதன் எண்ணெய் இளகியது, மரம் ஆண்டுக்குச் சில அங்குலமே உயரும், தென்னமெரிக்காவில் பரவிய குருத்தழுகலை அதன் கலப்பினங்கள் தாங்குகின்றன. விளைச்சல் குறைவு என்பதால் மலேசியத் தோட்டங்கள் அதை இன்னும் பெரிதாக ஏற்கவில்லை.

ஒட்டுக்கட்ட முடியாத மரத்தை நகலெடுக்கும் ஆசை திசுவளர்ப்பில் போய் நின்றது. 1970களில் இங்கிலாந்து ஆய்வகங்களில் செம்பனைத் திசுவிலிருந்து கன்று உண்டாக்கினார்கள். 1977இல் குளுவாங்கில் அத்தகைய கன்றுகள் தோட்டத்தில் நடப்பட்டன. நல்ல மரம் ஒன்றை இலட்சம் மரமாக்கலாம் என்ற உற்சாகம் சில ஆண்டுகள் நீடித்தது. மரங்கள் பூத்தபோது அடி விழுந்தது. பல மரங்களில் பூவின் ஆண் உறுப்புகள் சதைப் பிதுக்கங்களாக மாறிப் பழத்தைச் சுற்றிப் போர்த்தின. எண்ணெய் இல்லை, குலைகள் அழுகின. கோர்லியும் சகாக்களும் 1986இல் இதை வெளியிட்டபோது ஆய்வகங்கள் பல உற்பத்தியைக் குறைத்தன. காரணம் 2015இல்தான் தெரிந்தது. மலேசிய செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ரஜிந்தர் சிங் முதலானோர் அமெரிக்க ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து கண்டறிந்தபடி, மரபணுவின் எழுத்துகளில் பிழை இல்லை. ‘கர்மா’ என்று பெயரிடப்பட்ட ஒரு துணுக்கின் மேலுள்ள வேதிக்குறி திசுவளர்ப்பில் அழிந்துவிடுகிறது. குறி இருந்தால் ‘நல்ல கர்மா’, அழிந்தால் ‘கெட்ட கர்மா’ என்று கட்டுரையாளர்களே எழுதினார்கள். தமிழ் வாசகருக்கு அதை விளக்க அடிக்குறிப்பு தேவையில்லை.

அதே குழு 2013இல் ஓட்டை ஆளும் மரபணுவையும் அடையாளம் கண்டது. பெய்ர்னார்ட் காலத்தில் பழத்தை வெட்டினால்தான் தெரிந்த உண்மையை இனி நாற்றங்காலில் ஒரு துண்டு இலையைக் கொண்டே சொல்லலாம். இதன் பயன் ஏட்டளவில் நிற்கவில்லை. பையைச் சரியாகக் கட்டாத சேர்க்கையில் வெளி மகரந்தம் புகுந்தால் பிள்ளை டூராவாகிவிடக்கூடும். சிறு தோட்டக்காரர் நான்கைந்து ஆண்டு உரம் போட்ட பிறகே அது தெரியவரும். நாட்டின் சுயேச்சை நாற்றங்கால்களையும் தோட்டங்களையும் சோதித்த ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ 11 விழுக்காடு கன்றுகள் டெனெரா அல்லாதவையாக இருந்தன. நல்ல விதை என்று காசு கொடுத்து வாங்கியதில் பத்தில் ஒன்று பழைய தடித்த ஓடு.

பந்திங் வட்டார ஆய்வு, கம்பெனிகள் கைமாறக் கைமாறப் பெயர் மாறியது. ஹாரிசன்ஸ் தோட்டங்கள் மலேசிய உடைமையாகி கோல்டன் ஹோப் ஆயின. 2007இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் இணைந்தன. அந்த இணைப்பில் உருவான தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் ஆய்வு மையம் கேரித் தீவில் இயங்குகிறது. செம்பனையின் முழு மரபுத்தொகுதியைப் படித்துவிட்டதாக அது 2009இல் அறிவித்தது. மரபணுக் குறிகளைப் பார்த்தே கன்றுகளைத் தேர்ந்து நடும் ‘ஜீனோம்செலக்ட்’ விதையை 2016 முதல் தன் தோட்டங்களில் பெரிய அளவில் நட்டுவருகிறது. பத்தாண்டுக் காத்திருப்பை நாற்றுப் பருவத்துக்குள் சுருக்குவதே நோக்கம்.

இத்தனைக்கும் பிறகு நாட்டின் சராசரி எண்ணெய் விளைச்சல் பல ஆண்டுகளாக ஹெக்டேருக்கு 4 டன்னை ஒட்டியோ அதற்குக் கீழோ தேங்கி நிற்கிறது. ஆய்வு வயல்களில் அதைப்போல் இரு மடங்கு கிடைக்கிறது. விதையின் குறை அது என்று சொல்லிவிட முடியாது. வயதான மரங்கள், சரிவுகளிலும் கரிமண்ணிலும் விரிந்த நடவு, ஆள் பற்றாக்குறையால் வெட்டாமல் மரத்திலேயே உதிரும் பழம் ஆகியவை சேர்ந்த கணக்கு இது. பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் 1980களுக்குப் பிறகு தமிழ்க் குடும்பங்கள் நகரத்துக்கு நகர, அரிவாளை இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் எடுத்தார்கள். கரையோர மண்ணில் இந்தக் கணக்கோடு கனோடெர்மாவும் சேர்கிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை நடவில் நோய் முன்னதாகவே வருவதால், ஹெக்டேருக்கு நட்ட 136 அல்லது 148 மரங்களில் எத்தனை 20ஆம் ஆண்டில் நிற்கும் என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

நோய் தாங்கும் விதை கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. சுமத்திராவின் சொக்ஃபிண்டோ நிறுவனம் ஓரளவு தாங்கும் விதையை 2013இல் விற்பனைக்கு விட்டது. மலேசியாவிலும் நாற்றங்கால் சோதனைகள் வழக்கமாகிவிட்டன. சோதனை இப்படி நடக்கிறது. ரப்பர் மரக்கட்டையைச் சிறு துண்டுகளாக அறுத்து, வேகவைத்துக் கிருமி நீக்கி, அதில் கனோடெர்மாவை வளரவிடுவார்கள். வெள்ளை நூல் போர்த்திய அந்தக் கட்டையை நாற்றுப்பையின் நடுவில் வைத்து, அதன்மேல் வேர் தொடுமாறு மூன்று நான்கு மாதச் செம்பனைக் கன்றை நட்டு, மண் மூடி நீர் விடுவார்கள். ஆறு முதல் ஒன்பது மாதத்தில் எந்த வம்சத்துக் கன்றுகள் செத்தன, எவை நின்றன என்று எண்ணுவார்கள். நின்றவற்றின் தாய் தந்தை மரங்கள் அடுத்த சேர்க்கைக்குப் பயன்படுகின்றன. நாற்றுப்பையில் பிழைத்த வம்சம் தோட்டத்தில் 20 ஆண்டு நிற்குமா என்பதைப் பார்க்க, பழைய நோய்க் காடுகளில் நட்ட வயல் சோதனைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.